கோயில் யானை வேறு, அது வேறு

அன்புத் தம்பி புகழேந்திக்கு, அடி அண்ணாமலையிலிருந்து அக்கா அருணாதேவி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுகிறாய். கடிதம் என்றால் நடுவில் வாய் திறக்க முடியாது பார். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும். புலியின் கால்தடத்தையே படித்துக் காட்டுகிறவன், இதையும் படி.

பௌர்ணமிக்கு நம் டீக்கடையில் கூட்டம் ஜாஸ்தி. ஊரெல்லாம் உன் வீடியோ பேச்சுதான். என் மகள் பூஜா போனில் போட்டுக் காட்டினாள். நீ வேலை செய்கிற லாட்ஜின் பின்பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் நிற்க, வாழைத்தாரை வைத்துவிட்டுத் தலை குனிந்து நிற்கிறாய். காட்டு யானை வந்து உன் தலையில் தும்பிக்கை வைக்கிறது. "யானையே ஆசீர்வாதம் பண்ணுது, உன் தம்பி கொடுத்து வச்சவன்மா"னு பால்காரர் கும்பிடே போட்டுவிட்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, கோயில் யானை முன்னால் இப்படித்தான் குனிந்து நிற்பாய். மற்ற நேரம் மலையில் மயில் பின்னால் திரிவாய். மரம் நட வந்த வெள்ளைக்காரருக்கு வழி காட்டப் போனவன், அப்படியே அசாம், நேபாளம், ஆப்பிரிக்கா என்று சுற்றிவிட்டு, இப்போதுதான் பஸ் போகிற தூரத்துக் காட்டுக்கு வந்திருக்கிறாய். சிங்கம் பார்க்க அவ்வளவு தூரம் போக முடிகிறது. பக்கத்து வேங்கிக்காலில் பெண் பார்க்க வாடா என்றால் மட்டும் லீவு இல்லை.

சரி, கிண்டல் போதும். வீடியோவை மறுபடி பார்த்தேன். அந்த யானையின் கன்னத்தில் கறுப்பாக, எண்ணெய் மாதிரி வழிகிறது. போன தடவை வந்தபோது நீதானே சொன்னாய், "அக்கா, ஆண் யானைக்கு அப்படி வழிஞ்சா மதம் பிடிச்சிருக்குனு அர்த்தம். வளர்த்தவனையே தெரியாது, ஓடிடணும்"னு. அப்படிச் சொன்னவனே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாய்.

நம் கோயிலில் இருந்தது பாகனோடு நின்ற பெண் யானை. ஆசீர்வாதம் அதற்குப் பழக்கின வேலை. காட்டில் இருப்பதற்கு உன்னைத் தெரியாதப்பா, வாழைத்தாரைத்தான் தெரியும்.

நேற்று மூர்த்தி கடைக்கு வந்தான். உன்னோடு லாட்ஜில் பார்த்த வேலையை விட்டுவிட்டானாம். ஏன்டா என்று கேட்டேன். டீயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான், "வாழைத்தார் வைக்காத அன்னைக்கு அந்த யானை சமையல்கட்டுத் தகரத்தைப் பிச்சிப் போட்டுச்சுக்கா. புகழ் அண்ணன் ஒண்ணுமில்லேனு சிரிக்கறாரு. ஞாயித்துக்கெழமை புதுக் கூட்டம் வருது, அவங்களுக்கும் காட்டணும்னு முதலாளி சொல்லிட்டாரு"னு. அந்த முதலாளியை முதலில் குனியச் சொல்லு.

உன் ஆசை எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு காட்டு உயிர் தானாக வந்து உன்னைத் தொட வேண்டும், அவ்வளவுதான். தொட்டுவிட்டதே, போதாதா?

மூர்த்தி நாளைக்குப் பெட்டி எடுக்க அங்கே வருகிறான். இந்தக் கடிதம் அவன் கையில்தான் வருகிறது. திரும்பும்போது நீயும் அவனோடு பஸ் ஏறு. அவன் மட்டும் தனியாக என் கடை வாசலில் வந்து நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்து நான் எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம்.

அண்ணாமலையார் உன்னை ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு சேர்க்கட்டும்.

உன் அக்கா,
அருணாதேவி