பந்தாங் என்றால் பந்தல் இல்லை

ஜெலுத்தோங், பினாங்கு
ஐப்பசி மாதம், 1932

என் கண்ணே செண்பகவல்லிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நம்ம கோழிகளும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன முதலாளியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவைக் கையில் எடுத்தேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, இரண்டாம் வகுப்போடு வாத்தியார் என்னைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டார், அதற்கு மேல் நான் என்ன செய்வது. மாப்பிள்ளை என் கடிதத்தை உன் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். நல்ல பழக்கம்தான், ஆனால் இந்தக் கடிதத்தை முதலில் நீ தனியாகப் படித்துவிடு, எந்த வரிக்கு இருமல் வரவேண்டும் என்று உனக்கே தெரியும்.

மார்கழியில் பிரசவம், அம்மா நீ வருவாயா மாட்டாயா, ஒரே வார்த்தையில் எழுது என்று கேட்டிருக்கிறாய். ஒரே வார்த்தையில் எழுத நான் என்ன தந்தியாபீசா. பதில் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது, நடுவில் தாண்டிப் போய்ப் பார்க்காதே, பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். நாகப்பட்டினத்துக்கு நீ கப்பல் ஏறின அன்றைக்கு ஜெட்டியில் நின்று, முதல் பிள்ளைக்கு அம்மா வீட்டுக்கு உன்னால் வர முடியாவிட்டால் அம்மாவே அங்கே வந்துவிடுவாள் என்று சத்தியம் பண்ணினவள் நான்தான். அதை மறக்கவில்லை. உனக்கு முழுகாமல் இருக்கிறது என்று எழுத்து வந்த நாளிலிருந்து கெராங் சிப்பி பொறுக்குகிற காசில் டிக்கட்டுக்கு என்று தனியாக ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தேன், டப்பா கனத்துக்கொண்டுதான் வந்தது, அதற்குள் கரையில் ஒரு காரியம் நடந்தது, அதைச் சொன்னால்தான் பதில் விளங்கும்.

நீ இருந்தபோது பார்த்த சேறு இப்போது இல்லை. ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்த பிறகு, ஊருக்குத் திரும்பாதவர்கள் பாதிப் பேர் நம்ம கரைக்குத்தான் வந்தார்கள். வந்தவர்களைக் குறை சொல்ல முடியுமா, வயிறு எல்லோருக்கும் ஒன்றுதானே. தண்ணீர் வற்றினால் சேற்றில் கோயில் திருவிழாவுக்கு வந்த மாதிரிக் கூட்டம். முன்பு ஒற்றைக் காலைப் பலகையில் மடித்து வைத்து மற்றக் காலால் சேற்றில் தள்ளிக்கொண்டு போனால் கூடை நிறைந்துதான் திரும்புவேன், இப்போது தண்ணீர் ஏறி முழங்காலைத் தொடுகிறவரைக்கும் துழாவினாலும் கூடையின் அடி தெரிகிறது. வருகிறதும் என் சுண்டுவிரல் நகம் அளவுதான். அதையும் எடுத்தோம். நானும்தான் எடுத்தேன்.

இந்த நேரத்தில்தான் சுண்ணாம்புச் சூளைக்குச் சிப்பி ஓடு வாங்குகிற மீரா சாகிப் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி. நல்லம்மா, கறிக்குப் பெருசு வித்துக்கோங்க, சூளைக்குச் சின்னதா பெருசான்னு நான் பாக்க மாட்டேன், சேத்தை வழிச்சுப் போட்டாலும் எடுத்துக்கிறேன், உங்க ஆளுங்களை நீங்க கூட்டிட்டு வந்தா இந்த மாசமே உங்க கப்பல் டிக்கட்டுக்கு நான் பொறுப்பு என்றார். பெண்ணே, உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு ராத்திரி நான் உனக்கு எடுத்து வர வேண்டிய சாமானையெல்லாம் மனசுக்குள் கட்டிவிட்டேன். உன் அப்பா வழக்கம்போல் முதுகைத் திருப்பிப் படுத்துக்கொண்டு, குஞ்சையெல்லாம் வழிச்சுட்டா அடுத்த வருஷம் என்னத்தைத் தின்கிறதாம் என்று சுவரிடம் மட்டும் கேட்டார்.

மறுநாள் நம்மோடு சிப்பி பொறுக்குகிற மலாய்க்கார ரோஹானா அக்கா நம்ம வாசலுக்கு வந்தாள். நான் வீட்டில் இல்லை, உன் அப்பாதான் இருந்தார். தொங்காங் படகில் கப்பல் சங்குக்குப் பக்கத்திலேயே நின்று மூட்டை தூக்கி அவர் இடது காது என்றைக்கோ ஓய்வு வாங்கிக்கொண்டது உனக்குத் தெரியும். அந்தக் காதில்தான் அவள் பேசியிருக்கிறாள். பந்தாய் பந்தாங், நாளைக்குக் காலையில எல்லாரும் கரைக்கு வரணும் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். பந்தாய் என்றால் கரை, பந்தாங் என்றால் விலக்கு, கைவைக்கக் கூடாது என்று அர்த்தம், பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் படுத்திருப்பதற்கும் அவர்களுக்கு அதே பேச்சுதான். பாதி வயசை இங்கே கழித்த மனிதருக்கு இது தெரியாதா, தெரியும், காதுதான் தெரிய விடவில்லை. அவருக்குக் கேட்டது கரையில் பந்தல். ரோஹானா மகளுக்குக் கல்யாணம் என்று முடிவு பண்ணிவிட்டார். என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ரோஹானா எனக்கும் முன்பே சொல்லியிருப்பாள், நான்தான் மறைக்கிறேன் என்று கோபமாம்.

அடுத்த நாள் காலையில் கரையில் நாங்கள் எல்லோரும் கூடி நிற்கிறோம். ரோஹானா அக்கா சொல்கிறாள், சேறு பெத்துக்கிட்டு இருக்கு, பெத்தவளை எழுப்பி வேலை வாங்குவீங்களா, தை முடியற வரைக்கும் பெரிய சேத்துல யாரும் கால் வைக்க வேண்டாம் என்று. தோட்டத்திலிருந்து வந்த ஜெயலெட்சுமி, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்ப தை வரைக்கும் எங்க பிள்ளைங்களும் படுத்தே கிடக்கட்டுமா என்று கத்தினாள். அவள் கேட்டதும் நியாயம். மலாய்ப் பெண்கள் ஒரு பக்கம், தமிழ்ப் பெண்கள் ஒரு பக்கம், நீ நேற்று வந்தவள் என்று ஒருத்தி, கடலை உன் தாத்தாவா வெட்டினான் என்று ஒருத்தி, பலகையால் அடித்துக்கொள்ளாத குறைதான். நானா, நான் நடுவில் நின்றேன், டிக்கட்டு ஒரு காதில் பேசுகிறது, ரோஹானா மறு காதில் பேசுகிறாள்.

அந்த நேரம் பார்த்து உன் அப்பா வருகிறார். வெள்ளைச் சட்டை, தீபாவளிக்கு எடுத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் நம்ம பித்தளைத் தட்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஒவ்வொரு அடியாக வைத்து எங்கள் நடுவில் வந்து நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு, பந்தல் எங்கே, மாப்பிள்ளை யார் என்று கேட்டார். செண்பகம், நீ அன்றைக்கு இருந்திருக்க வேண்டும். ரோஹானா அக்கா வாயைத் தலைத்துணியால் பொத்திக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள், ஜெயலெட்சுமி சிரித்த சிரிப்பில் இடுப்புப் பிள்ளை பயந்து அழுதது. பந்தல் இல்லண்ணே, பந்தாங்லா, பந்தாங் என்று பத்துப் பேர் அவருடைய நல்ல காதில் கத்தினார்கள். மனிதருக்கு முகம் செம்பருத்தி மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பெத்தவளைப் பாக்க வந்தாலும் வெறுங்கையோட வரக்கூடாதுல்ல, எடுத்துக்கோங்க என்று தட்டை நீட்டினார்.

அந்தத் தட்டுதான் காரியத்தை முடித்தது. வெற்றிலை கையில் வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி என்பது நமக்கு மட்டுமா, அவர்களுக்கும் பெண் கேட்கப் போனால் வெற்றிலைத் தட்டுதானே முதலில் போகிறது. ரோஹானா அக்கா ஒரு வெற்றிலையை எடுத்து ஜெயலெட்சுமியிடம் நீட்டினாள். ஜெயலெட்சுமி உடனே வாங்கவில்லை, முதலில் சோத்துக்கு வழி சொல்லுங்க என்றாள். அங்கேயே நின்று பேசி முடித்தோம், பெரிய சேறு தை முடிகிறவரை படுத்திருக்கும், ஆற்று வாய்ப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்து முறை போட்டு எடுப்பது, எடுக்கிற எல்லோரும் ஒரே அளவில் கண் வைத்த மூங்கில் சல்லடையில் அலசி, கண்ணில் நழுவி விழுகிறதைச் சேற்றுக்கே விட்டுவிடுவது, முறை இல்லாத நாளில் ரோஹானா வீட்டுப் பக்கம் நீப்பா ஓலை வெட்டிக் கூரைத் தட்டி பின்னுவது, ஓலையிலும் நடுக்குருத்தைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகுதான் அவள் வெற்றிலையை வாங்கிச் சுண்ணாம்பைத் தடவினாள். இந்தச் சுண்ணாம்பும் நம்ம கெராங்கு ஓடுதானே என்று யாரோ சொல்ல, மறுபடி ஒரு சிரிப்பு. நானும் ஒரு வெற்றிலை எடுத்தேன். ஆற்று வாயில் என் முறைக்குக் கிடைப்பது அரிசிக்குத்தான் காணும், டப்பாவுக்குக் காணாது.

ரோஹானா அக்காவுக்கு எல்லாம் தெரியும். கூட்டம் கலைவதற்குள், இவ மகளுக்குப் பேறுகாலம், நம்ம முறையையெல்லாம் ஒரு மாசம் இவளுக்குக் கொடுத்துடலாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். சரி சரி என்று எல்லோரும் தலையாட்டினார்கள், ஜெயலெட்சுமியும் ஆட்டினாள், ஆட்டிவிட்டுப் பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றி வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு நான் எப்படியம்மா வாங்குவேன். அந்தப் பிள்ளை வாயிலிருந்து எடுத்துத்தான் என் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போக வேண்டுமா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், உன் அப்பா வந்து வெங்காயம் எங்கே என்று தேடினார், பாவம்.

சரி, இப்போது உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய இடம். குனிந்து தண்ணீர் இறைக்காதே. கருவாடு தின்ன ஆசை வந்தால் தின்னு, ஆனால் தண்ணீர் நிறையக் குடி. கால் வீங்கினால் சும்மா இருக்காதே, மாமியாரிடம் சொல், வெட்கப்படாதே, அவர்களும் ஒன்றைப் பெற்றவர்கள்தானே, அந்த ஒன்றைத்தான் நாங்கள் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். இரண்டு உயிருக்குச் சாப்பிடு, மூன்று உயிருக்குக் கோபப்படாதே, மாப்பிள்ளை மெலிந்து போய்விடுவார். ரோஹானா அக்கா தன் பிள்ளைப்பேற்றுக்கு வயிற்றில் சுற்றிக் கட்டின நீளத் துணியைத் துவைத்து மடித்து உனக்கென்று கொடுத்திருக்கிறாள், பெங்கோங் என்பார்கள், பிள்ளை பெற்ற பிறகு அதை இறுக்கிச் சுற்றினால் இடுப்புக்கு நல்லதாம். உன் மாமியாரே கட்டிவிடட்டும், இறுக்குவது அவர்களுக்கு நன்றாக வரும் என்று எழுதத்தான் இருந்தேன். (இருமு.)

ஏன் எழுதவில்லை என்றால், போன வாரம் மீரா சாகிப் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். இப்படிக் கரையைச் சாத்திட்டீங்களே, என் சூளைக்கு ஓட்டுக்கு நான் எங்க போவேன் என்று ஒரே புலம்பல். உன் அப்பா அவரோடு பேசிக்கொண்டே கொல்லைப் பக்கம் போனார், போகும்போது நம்ம சிப்பி ஓட்டு மேட்டில் கால் இடித்துக்கொண்டார். உனக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா, நீ தவழ்ந்த காலத்திலிருந்து நாம் தின்று தின்று கொல்லையில் கொட்டின ஓடு, இப்போது முருங்கை மரத்தின் பாதி உயரம் இருக்கிறது, இதை அள்ளிப் போடு அள்ளிப் போடு என்று உன் அப்பா என்னைத் திட்டாத நாள் உண்டா. கால் வலியில், ஓடுதானே வேணும், இந்தச் சனியனை முதல்ல எடுத்துட்டுப் போய்யா என்று கத்தினார். மீரா சாகிப் ஒரு ஓட்டை எடுத்தார், தட்டினார், காய்ந்து வெளுத்துக் கலகலவென்று சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் புலம்பவில்லை. வண்டி கொண்டுவந்தார். நம்ம கொல்லை மட்டுமல்ல, ரோஹானா வீட்டு மேடு, கரையோரத்து வீடுகளின் மேடு எல்லாம் விலை பேசிவிட்டார், யார் வீட்டு மேடு பெரியது என்று இப்போது கரையில் பெருமையடித்துக்கொள்கிறார்கள், கொல்லையில் மேடு இல்லாத ஜெயலெட்சுமிக்கு வண்டியில் ஓடு அள்ளிப் போடுகிற கூலி.

நம்ம மேடுதான் பெரியது. ஏன் பெரியது என்று உன் வாயைக் கேள், கூடைக் கெராங்கைப் புளிச்சாற்றில் தொட்டு ஒரே மூச்சில் முடித்துவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்ட வாய் அது. சேறு படுத்திருக்கிறது, எனக்கும் முறை நாள் தவிர வேலை இல்லை, முறை நாளில் உன் அப்பா சல்லடை பிடிக்கிறேன் என்கிறார், நல்ல காதைக் கரைப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மேட்டு ஓட்டுக் காசையும் டப்பாக் காசையும் சேர்த்துக் கார்த்திகைக் கப்பலில் டெக் டிக்கட்டு எடுத்தாகிவிட்டது. அந்தத் துணியை என் கையாலேயே கட்டிவிடுகிறேன். மகளே, நீ சின்னதில் தின்று போட்ட ஓட்டின் மேல் ஏறித்தான் உன் அம்மா உன்னைப் பார்க்க வருகிறாள்.

நீயும் சின்ன முதலாளியும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், உன் மாமியாருக்கு என் வணக்கம். நான் வந்து இறங்குகிற நாளைக்கு என்னைக் கூட்டிப்போக மாப்பிள்ளையைத் துறைமுகத்துக்கு அனுப்ப மறக்காதே, பந்தல் மட்டும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னைக் காத்திருக்கச் சொல்லாமல் தானே கிளம்பிவிட்ட
உன் அம்மா நல்லம்மாள்