பெயிண்ட் அடித்த மணிக்கூண்டு

படாளம்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு, ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், தோகாவில் நீயும் சுகமாக இருந்து வேளைக்குச் சாப்பிட அம்மா ஜெபிக்கிறேன். போனில் பேசினால் உன் ஜெபசிங் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கோயிலில் புது இரும்பு மணிக்கூண்டு நிறுத்தினார்களே, அதை வீடியோவில் பார்த்துவிட்டு, வெல்டிங் இன்ஸ்பெக்டர் ஆயிற்றே நீ, அண்டர்கட் இருக்கிறது, போராசிட்டி இருக்கிறது, ஃபியூஷன் இல்லை என்று குறைகளை அடுக்கினாய் அல்லவா, அதை அப்படியே கமிட்டியில் போய்ச் சொன்னேன். மாமாதான் தலைவர், வெல்டிங் செய்தது அவர் மருமகன், பிறகு கேட்கவா வேண்டும். "இன்னாம்மா, உம் பொண்ணு தோகாவுல குந்திகினு நம்ம இரும்புக்கு வியாதி பேரு சொல்லிகினு கீது" என்றார். நானும் விடவில்லை. அண்டர்கட் என்றால் பற்றவைத்த ஓரத்தில் இரும்பு கரைந்து பள்ளம் விழுவது, போராசிட்டி என்றால் உள்ளே காற்று தங்கி இட்லி போலப் பொத்தலாக இருப்பது என்று நீ சொன்னபடியே சொன்னேன். ஃபியூஷன் இல்லாததை விளக்க வேண்டியிருக்கவில்லை, மேலே ஒட்டினாற்போல் இருந்து உள்ளே ஒட்டாமல் இருப்பது கமிட்டிக்குத் தெரியாததா. மறுநாளே வேலை நடந்தது. பள்ளத்தையெல்லாம் பட்டி வைத்து மூடி, பளபளவென்று சில்வர் பெயிண்ட் அடித்துவிட்டு, "இப்போ ஒரு பொத்தல் காட்டச் சொல்லு பாக்கலாம்" என்கிறார் மாமா.

வாராவாரம் அதன் கீழே நின்று கயிறு இழுக்கப்போவது உன் அப்பா அல்லவா. அவரோ ஊழியம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக் கிளம்பிவிட்டார். பிரதிஷ்டை அன்று சபை முன்னாலேயே கயிற்றை அவர் கையிலிருந்து பிடுங்கி, "உறுதியா கீதுன்னா மொத மணிய நீயே அடி அண்ணாத்த" என்று மாமாவிடம் நீட்டினேன். அந்த நிமிடமே அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மருமகனுக்குச் செங்கல்பட்டில் அவசர வேலை. பொருளாளருக்குக் கயிறு பிடித்துப் பழக்கமில்லையாம். கடைசியில் செல்போனில் மணியோசையைத் தேடி, ஸ்பீக்கரில் போட்டுப் பிரதிஷ்டையை முடித்தார்கள். வெல்டிங் மட்டும் முதல் தரமாம், இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்பா என்னோடு பேசுவதில்லை, பேசாவிட்டாலும் முழுசாக இருக்கிறார், எனக்கு அது போதும்.

நீ மனசு கஷ்டப்படாதே, உன் படிப்பைக் கேலி செய்தவர்களில் ஒருவர்கூட அதன் கீழே போய் நிற்கவில்லை. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, இந்தக் குறைகளையெல்லாம் புரியும் தமிழில் எழுதி, இன்ஸ்பெக்டர் என்று கையெழுத்துப் போட்டுச் சீக்கிரம் அனுப்பு, ஆயர் கையிலேயே கொடுத்து மணியை இறக்க வைக்கிறேன். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அந்த நிழலில்தான் விளையாடுகிறார்கள். நீ அனுப்பும்வரை எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விரட்டிக்கொண்டிருக்கிறேன், பிள்ளைகளுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை.

உன் அம்மா