மேசையில் இல்லாத எலுமிச்சம்பழம்

மார்ச் 3, செவ்வாய்

தம்பி சுண்டெலி, இன்றைக்கு உன் மேசையில் எறும்பு வந்துவிட்டது.

எதற்கு வந்திருக்கும் என்று குனிந்து பார்த்தேன். சர்க்கரை இல்லை, ரொட்டித் துணுக்கு இல்லை. வரிசையாக வந்து உப்பு ஜாடியை ஒரு சுற்றுச் சுற்றி, கத்தரிக்கோலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் இறங்கிப் போகிறது. துடைக்கவில்லை. துடைத்தால் ஜாடி நகரும். வாயால் ஊதிவிட்டேன்.

நீ போனதிலிருந்து தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். எழுந்திருக்கும்போது முட்டி கத்துகிறது. தங்கச்சியும் போனில் கத்துகிறாள். "மேசைன்னா சாப்பிடறதுக்குக்கா. அவன் என்ன அதுல கோட்டையா கட்டி வெச்சிருக்கான்? எடுத்து வெச்சுட்டுத் துடைச்சுப் போடு." அவளுக்கு எப்படிச் சொல்ல. அவள் கல்யாணமாகிப் போன பிறகுதானே நீ மேசையில் சாமான்களை ஆட்களாக வைத்து நாடகம் போட ஆரம்பித்தாய்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு நின்றவள். உன் காகிதக் கட்டில் பாதி வெள்ளையாகவே கிடக்கிறது, வீணாகப் போவானேன். உன்னிடம் பேசிப் பழகின வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 5, வியாழன்

டைரக்டர் வந்திருந்தார். உன் நாடகம் எல்லாவற்றையும் மேடையேற்றின அதே மனிதர்தான், ஆனால் பாதியாக இளைத்துவிட்டார். குரல் மட்டும் அப்படியே கரகரவென்று இருக்கிறது. உன் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று செருப்பு வைக்கிற பலகையில் போய் உட்கார்ந்தார்.

"ஹால் பேசியாச்சுக்கா. ஏப்ரல் பதினெட்டு. ஆனா கடைசிக் காட்சி இல்ல. 'காட்சி ஏழு'ன்னு எழுதி அடியில கோடு போட்டிருக்கான். அவ்வளவுதான்."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"டிவி சீரியல் எழுதுறவர் ஒருத்தர் முடிச்சுத் தர்றேங்கறார். ஹால்காரங்களுக்கும் அது பிடிச்சிருக்கு. அவர் பேரும் போஸ்டர்ல வரும்ல."

"அவர் எழுதினா எப்படி முடியும்?"

"எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க."

உன் நாடகத்தில் யாராவது கட்டிப் பிடித்திருக்கிறார்களா? மேசையில் ஜாடியும் கத்தரிக்கோலும் எப்படிக் கட்டிப் பிடிக்கும்?

"எழுதலைன்னா என்ன, வெச்சுட்டுத்தான் போயிருக்கான்" என்று மேசையைக் காட்டினேன். அவர் பலகையிலிருந்து எழுந்துவிட்டார். கிட்டே வரவில்லை. "நான் மட்டும் பார்த்தா என் ஆசைக்கு ஏத்த மாதிரிதான் தெரியும். திங்கக்கிழமை சின்ன மகளா நடிக்கிற பொண்ணையும் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க" என்றார். தொடாதே என்று என்னிடமே சொல்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

பேப்பரில் உன்னைப் பற்றி மறுபடி எழுதியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இவருடைய கலை எங்கே பிறந்தது என்பது யாருக்கும் தெரியாது' என்று போட்டிருக்கிறது.

தையல்கடை மிஷினுக்கு அடியில் பிறந்தது. அம்மா செத்துப் போன வருஷம் அது. உன்னை வீட்டில் தனியாக விட முடியாமல் கடைக்குக் கூட்டிப் போவேன். நான் மேலே காலர் தைப்பேன், நீ கீழே பொத்தான்களை வைத்துக்கொண்டு உனக்குள்ளேயே பேசுவாய். கறுப்புப் பொத்தான் திருடன், வெள்ளை போலீஸ். ஒருநாள் கடை முதலாளி கோட்டுக்குத் தைக்க வைத்திருந்த பித்தளைப் பொத்தானைக் காணோம் என்று குதித்தார். நீ கீழேயிருந்து தலையை நீட்டி, "அவரு ஜட்ஜ். தீர்ப்புச் சொன்னதும் அனுப்பிடறேன்" என்றாய். அந்த மனிதர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மார்ச் 9, திங்கள்

வந்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் குழுவில் பேரே 'எலுமிச்சை'தானாம். மெலிந்த பெண். வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்கிறாள்.

நீ யார் யாரை எதுவாக வைத்திருந்தாய் என்று சொன்னேன். உப்பு ஜாடி அப்பா. கத்தரிக்கோல் வீட்டோடு இருக்கிற பெரிய மகள். மூக்குக்கண்ணாடிக் கூடு அவள் புருஷன் - வாயை அகலமாகத் திறப்பான், உள்ளே ஒன்றும் இருக்காது என்று நீதான் சொன்னாய். தீப்பெட்டி வாசல் கதவு. எலுமிச்சம்பழம் சண்டை போட்டுக்கொண்டு போய், பல வருஷம் கழித்துத் திரும்பி வந்திருக்கிற சின்ன மகள். அவள் இருப்பாளா, மறுபடி போய்விடுவாளா, நாடகம் பூராவும் அதுதான் கேள்வி.

டைரக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூங்குகிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அக்கா, பழம் எங்க?"

இல்லை.

சுண்டெலி, சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. இருப்பதையெல்லாம் யாரும் அசைத்துவிடாமல் காத்துக்கொண்டிருந்தேன். இல்லாததை எங்கே பார்த்தேன்?

தீப்பெட்டி பாதி திறந்திருந்தது. டைரக்டர் அதைக் காட்டினார். "போயிட்டா. யாருகிட்டயும் சொல்லிக்கல. கதவைக்கூடச் சாத்தல." அப்படியே நிமிர்ந்தார். "பாவி, முடிச்சுட்டுத்தான் போயிருக்கான்."

எலுமிச்சை அழுதாள், உடனே சிரித்தாள். "அப்ப கடைசிக் காட்சியில எனக்கு வேலையே இல்லையா சார்?"

போகும்போது இரண்டு பேர் முகமும் தெளிந்திருந்தது. சீரியல்காரர் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுவார்களாம்.

மார்ச் 10, செவ்வாய்

எல்லாம் சரி. பழம் எங்கே போயிருக்கும்?

மார்ச் 13, வெள்ளி

மேசைக்கு அடியில் இல்லை. பீரோவுக்குப் பின்னால் இல்லை. உன் கோட்டுப் பையில் ஒரு பொத்தானும் பேனா மூடியும் இருந்தன. உன் பழக்கம் எனக்குத் தெரியும்: வேலை முடிந்தவர்களை அவரவர் இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவாய். பழத்தின் வேலை முடிந்திருந்தால் அடுப்படிக் கூடையில் போட்டிருப்பாய். கூடையில் இரண்டு வெங்காயம்தான் இருக்கிறது, முளைவிட்டு.

நீ போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பழம் மேசையில் இருந்தது. கத்தரிக்கோலை ஒட்டி இருந்தது. அக்காவும் தங்கையும் ஏதோ ரகசியம் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே படுக்கப் போனேன்.

மார்ச் 15, ஞாயிறு

உயரமான கண்ணாடி டம்ளரைக் கழுவி வைக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது.

ஐயோ, நான்தான் பிழிஞ்சேன். அன்னிக்குக் காலையில 'வயித்தைப் புரட்டுதுக்கா'ன்னியே. வேர்த்து வேர்த்து ஊத்துச்சே உனக்கு. ஓடிப் போய்ப் பழத்தை எடுத்து, அறுத்து, பிழிஞ்சு, தண்ணி ஊத்தி - வீட்டுல ஒரே ஒரு பழம்தான் இருந்துச்சு. அதுதான் அவ. நீ உக்காந்து குடிச்சே. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே -

எங்கேயிருந்து எடுத்தேன்? கூடையிலிருந்தா, மேசையிலிருந்தா? எடுத்த கை இதோ இருக்கிறது. இதைக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறது.

கூடையிலிருந்து எடுத்திருந்தால் நீ முடித்துவிட்டாய், அவள் போய்விட்டாள். மேசையிலிருந்து எடுத்திருந்தால் அவள் எங்கேயும் போகவில்லை. நான் எடுத்ததுதான்.

மார்ச் 17, செவ்வாய்

சொன்னால் கடைசிக் காட்சி போச்சு. சீரியல்காரர் வந்துவிடுவார். சொல்லாவிட்டால் மேடையில் நடக்கப் போவது உன்னுடையதா, என்னுடையதா என்று தெரியாமலே நான் கைதட்ட வேண்டும்.

முன்னால் ஒரு நாடகத்தின்போது இப்படித்தான் உப்பு ஜாடியை எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா. நீ முகம் கழுவப் போயிருந்தாய். அடுப்பில் கொதிக்கிறது, எனக்கு உப்பு வேண்டும். திரும்பி வந்து, "அக்கா, மாப்பிள்ளை வீட்டார் உக்காந்திருக்காங்க, அப்பாவை எங்க காணோம்?" என்றாய். "அடுப்படியில இருக்கான், இரு" என்றேன். நீ மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாய். அப்புறம் உட்கார்ந்து எழுதினாய். பேச்சு நடக்கும்போதே அப்பா எழுந்து போகிற அந்தக் காட்சிக்குத்தான் ஜனங்கள் மூச்சு விடாமல் இருந்தார்களாம்.

இனிமேல் உனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று எல்லாவற்றிலும் இரண்டு வாங்கினேன். இரண்டு ஜாடி, இரண்டு கத்தரிக்கோல். சமையலுக்கு ஒன்று, நடிப்புக்கு ஒன்று. நீ சிரிக்கவில்லை. "ஏன்க்கா வாங்கினே? இப்ப யாரும் எங்கயும் போக மாட்டேங்கறாங்க" என்றாய்.

பழம் மட்டும் இரண்டு வாங்கவில்லை.

மார்ச் 21, சனி

ஒத்திகை நடக்கிற இடத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத்து மாடி, பெஞ்சுகளைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். தரையில் சாக்பீஸால் வீடு வரைந்திருந்தது. வாசலை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனேன். எலுமிச்சை அதைப் பார்த்துச் சிரித்தாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளர் வரைக்கும்.

அப்பாவாக நடிக்கிற பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா தூக்கிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர்கூட. எனக்கு முகம் சுண்டிவிட்டது. எலுமிச்சை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அது எங்க பாஷை. காரணம் சொல்லாம யாராவது மேடையை விட்டுப் போனா 'அக்கா தூக்கிட்டாங்க'ன்னுதான் சொல்லுவோம். உங்க தம்பி சொல்லிக் குடுத்தது. ஸ்கிரிப்ட்லயே ஓரத்துல எழுதியிருப்பார்."

நான் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இத்தனை பேர் வாயில் என்னைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

டைரக்டர் சிரித்து முடித்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இப்ப அவ போனாளா இல்லையா? எதை நம்பி நான் போடறது?"

"தெரியாதுங்கறதை நம்பிப் போடலாம் சார்" என்றாள் எலுமிச்சை. "பாதி குடிச்ச டம்ளர் இருக்கட்டும். கதவு பாதி திறந்திருக்கட்டும். நான் வரவே மாட்டேன். முதல் காட்சியில எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்போது அப்பா ஒண்ணு கேப்பார்ல, 'வந்துட்டாளா?'ன்னு. அதையே கடைசியிலயும் கேக்கட்டும். எல்லாம் அவரே எழுதின வார்த்தைதானே."

டைரக்டர் என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்க்கிறார்? எனக்கு என்ன தெரியும். "செஞ்சு பாருங்க" என்றேன்.

செய்தார்கள். பெரியவர் சாக்பீஸ் வாசலைப் பார்த்தபடி, "வந்துட்டாளா?" என்றார். முதல் காட்சியில் அதே கேள்விக்குப் பெரிய மகள் 'இல்லப்பா' என்பாளாம். இப்போது பதில் சொல்ல வாயைத் திறந்தாள், டம்ளரைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

சீரியல்காரர் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மழை. துணி காயவில்லை. நடிகர்களின் துணியைத் தைக்க அனுப்பியிருக்கிறார்கள். பெரியவர் சட்டையில் காலர் நைந்திருக்கிறது, திருப்பிப் போட்டுத் தைக்க வேண்டும்.

ஏப்ரல் 18, சனி

முன்வரிசையில் உட்கார்ந்தேன். 'நீ முன்னால உக்காந்தா என் கை நடுங்கும்க்கா' என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் என்னைத் துணி அறையில் உட்கார வைத்தாய். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டல் மட்டும் கேட்கும். இன்றைக்குத்தான் தெரிந்தது, கைதட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் யாருமே தட்டுவதில்லை. அதைச் சுவர் வழியாகக் கேட்க முடியாது.

மேடையில் எல்லாம் பெரிது பெரிதாக இருந்தது. ஜாடிக்குக் கால் முளைத்திருந்தது. கத்தரிக்கோல் திரும்பி நிற்கும்போது நீ அதைத் திருப்பி வைத்த மாதிரியே நின்றாள். நான் எல்லோரையும் அடையாளம் கண்டுகொண்டேன்.

முடிந்து வெளியே வருகிறபோது படிக்கட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி எனக்கு முன்னால் இறங்கினார்கள்.

"போயிட்டா. கதவுதான் திறந்திருக்கே."

"அடப் போங்க. ஜூஸை வெச்சுட்டு யாராவது போவாங்களா? உள்ளதான் இருக்கா."

"உள்ள இருந்தா கூப்பிட்டதும் வரமாட்டாளா?"

"நீங்க கூப்பிட்டதும் நான் வர்றேனா?"

வீட்டுக்கு வருகிற வழி பூராவும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் மேசையைத் துடைத்தேன். முதலில் கண்ணாடிக் கூடு, அப்புறம் கத்தரிக்கோல், தீப்பெட்டி. கடைசியாக உப்பு ஜாடி. அது இருந்த இடத்தில் மட்டும் மரம் வட்டமாகப் பளபளவென்று இருக்கிறது. எறும்புக்கு வழி தெரியாமல் போய்விட்டது, பாவம்.

தங்கச்சியிடம் சொன்னேன். "அப்பாடா" என்றாள்.

கடைக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். இரண்டு. ஒன்றை மேசையில் வைத்தேன். ஒன்றை அறுத்து, அதே டம்ளரில் பிழிந்து, உன் நாற்காலியில் உட்கார்ந்து குடித்தேன். வாய் கூசிப் போனது. சர்க்கரை போட மறந்திருக்கிறேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் போடவில்லை. அந்த அவசரத்தில் எங்கே போட. நீ இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, மேசையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தைப் பார்த்தாய். அப்புறம் டம்ளரைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்து, அத்தனை வேர்வையோடும் சிரித்தாய். புளிக்கிறது என்று சிரிக்கிறான் என நினைத்துக்கொண்டு நான் சர்க்கரை டப்பாவைத் தேடப் போய்விட்டேன்.

சர்க்கரை இல்லாததற்குத்தான் சிரிச்சியாடா, சுண்டெலி?