சூளைக்குப் போகாத மண்

வேப்பூரில் வாழ்க்கைப்பட்ட உன் மகள் வீட்டுக்கு நேற்று முன்தினம் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அசோகப்பட்டை கொதிக்கும் வாசனை வந்தது. அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "அம்மா குடிச்சதுதான் சித்தி. மாசாமாசம் எனக்கும் ரொம்பப் போவுது," என்றாள். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. போய்ச் சேர்ந்தவள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். வருகிறதே, என்ன செய்ய?

உனக்கு மருந்து தெரியாமல் இல்லை. வாழைப்பூவை இடித்துச் சாறு பிழிந்து மோரில் கலந்து குடிப்பாய். மாதுளம்பழத் தோலைக் காயவைத்துப் பொடித்து வைத்திருப்பாய். அசோகப்பட்டைக் கஷாயம் தூக்குச்சட்டியில் நாம் வேலை செய்த பீங்கான் கம்பெனிக்கே வரும். சில மாதம் கேட்கவும் கேட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. குறைந்த மாதம் பெரிய வைத்தியச்சி போல என்னைப் பார்த்துச் சிரிப்பாய். கூடிய மாதம் கருஞ்சிவப்புப் புடவையாகப் பார்த்துக் கட்டி வந்து, எழுந்தால் தெரிந்துவிடுமோ என்று டீ குடிக்கக்கூட எழமாட்டாய். பட்டை விற்ற நாட்டு மருந்துக் கடைக்காரரே, எதனால் போகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள் அம்மா என்று சொன்னார். நீ வேறு கடைக்கு மாறிக்கொண்டாய்.

உன் பயம் எனக்குத் தெரியும். "போனா கர்ப்பப்பைய எடுத்துருவாங்கடி. அதுக்கப்புறம் குனிஞ்சு நிமிர்ந்து வேல செய்ய முடியுமா?" என்பாய். உன் நாத்தனாருக்கு அப்படி எடுத்த பிறகு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்த பயம் அது.

சூளைக்குப் போகுமுன் பச்சைப் பொம்மையின் ஓரத்தில் துருத்தி நிற்கும் மண்ணைக் கத்தியால் சீவுவதுதான் நம் வேலை. சீவிய துணுக்கை நீ வாயில் போட்டுக்கொள்வாய். விருத்தாசலத்தில் மண் தின்கிற பொம்பளை என்ன அதிசயமா? வயிற்றுக்குள் தனியாகச் சூளை போட்டிருக்கிறாய் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். நீயும் ஒரு துண்டை நீட்டி, "நல்லா இருக்குதுடி, தின்னு பாரு," என்பாய். உன் உதடு வெளுத்திருந்ததும் யார் கண்ணையும் உறுத்தவில்லை. அந்தக் கொட்டகையில் எல்லோர் முகத்திலும்தான் வெள்ளை மண் அப்பியிருக்கும். நீயே முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொள்வாய். துடைத்த பிறகும் வெள்ளையாகத்தான் இருந்தது.

நீ மயங்கி விழுந்த அன்று ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸ் உன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இவங்க மண்ணு, சாம்பல், பச்சரிசின்னு எதுனா தின்னுவாங்களா?" என்று கேட்டார். நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். ரத்தம் வற்றினால் உடம்பு அப்படியெல்லாம் கேட்குமாம். ரத்தம் கொடுக்க ஆள் தேடி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

அதனால் உன் மகளிடம் நான் கஷாயத்தைப் பற்றிப் பேசவில்லை.

"பச்சரிசி திங்கிறியா?" என்று கேட்டேன்.

திடுக்கிட்டுப் போனாள். "உனக்கெப்படித் தெரியும் சித்தி?"

அடுப்பை அணைத்தேன். நேற்றுக் காலையிலேயே அவளை விருத்தாசலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். ஸ்கேன் அறை வாசலில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எடுத்துருவாங்களா?" என்றாள். அப்படியே உன் குரல். அத்தனை பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

எடுக்கவில்லை. சின்னதாய் ஒரு கட்டி இருக்கிறதாம். ரத்தப்போக்கு குறைய மாத்திரை, ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை, மறுபடி வந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். குடித்த கஷாயத்தையும் மறைக்காமல் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை, இனி எதைக் குடித்தாலும் கேட்டுவிட்டுக் குடி என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. உனக்கும் அன்றைக்கு இந்த மாத்திரையே போதுமானதாக இருந்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்க அங்கேயே நாக்கு நுனி வரை வந்தது. கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்னடி செய்வேன்?