மடுவத்துக்கு அழைத்த குரல்

ஒலிவாங்கியின் பஞ்சு உறையில் இன்னும் கராம்பு மணக்கிறது. நேற்றுப் பின்னேரம் உன் துணிக்கடையின் மேல்மாடியில், நமது பதிப்பகத்தின் ஒரே மேசைக்கு முன்னால் அமர்ந்து, அதை முகத்தருகே கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது. பல்வலிக்கென்று கராம்பை வாயில் போடத் தொடங்கினாய். வலித்த பல்லைப் பிடுங்கிய பிறகும் கராம்பை விடவில்லை. சேலையை விரித்துக் காட்டும்போதும், புத்தகத்தைப் பற்றிப் பேசும்போதும் உன் கன்னத்துக்குள் ஒன்று இருக்கும். உறையைக் கழற்றிக் கழுவிய பின்பே பயன்படுத்துவது முறை. நான் கழுவவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை கொத்மலையில், இந்த வெயில் காலத்தின் இரண்டாவது எழுத்தாளர் சந்திப்பு. அதற்கான அறிவிப்பைப் பதிவு செய்வதற்காகவே அங்கே அமர்ந்திருந்தேன். அந்த அறிவிப்பின் குரல் ஏன் என்னுடையதாக ஆயிற்று என்பதை உனக்கு எழுதுகிறேன். தொடக்கத்திலிருந்து, ஒழுங்காக எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் பாதியிலேயே, "சுருக்கமா, மாஸ்டர்" என்றிருப்பாய். பாடசாலையில் உன்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்த என்னை, நான் உப அதிபரான நாளிலிருந்து மாஸ்டர் என்றே அழைத்தாய். அதில் மரியாதை ஒரு துளியும் இல்லை என்பது நமக்கிருவருக்கும் தெரியும். தோட்டத்து மக்களுக்கு நீ 'நானா', முஸ்லிம் அண்ணன்களை அழைக்கும் முறையில்.

நமது வேலைப் பங்கீடு உனக்கு நினைவிருக்கும். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் தோட்டத்து லய வீடுகளுக்குத் திரும்பும் நாட்களுக்கென்று, பங்குனியிலேயே நான் வெயில் காலச் செய்தி மடலை எழுதி முடிப்பேன். புதிய நூல்கள், எழுத்தாளர் சந்திப்புகள், இடம், நேரம் எல்லாம் நான்காக மடித்த ஒரே தாளில் அடங்கிவிடும். அதை நீ கடையில் கட்டும் ஒவ்வொரு பொதிக்குள்ளும் வைப்பாய். ஹட்டனில் கல்யாணச் சேலை வாங்கியவர்களும், பிள்ளைக்குச் சீருடைத் துணி வாங்கியவர்களும், தாங்கள் கேட்காமலேயே இலக்கியச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். "துணிய திருப்பிக் குடுக்க வாறவங்க கூட இந்தத் தாள திருப்பிக் குடுக்கல, மாஸ்டர். நல்லா விக்கிதுன்னு அர்த்தம்" என்று ஒருமுறை சொன்னாய். அந்தத் தாள் இலவசம் என்பதை நான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

அறிவிப்புத்தான் நமக்குள் தீராத வழக்கு. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, தோட்டம் தோட்டமாக ஒலிக்கச் செய்வதற்கென்று நான் எழுதித் தந்த வாசகத்தில் திகதி இருந்தது, நேரம் இருந்தது, நூலின் பெயரும் ஆசிரியரின் பெயரும் இருந்தன. நீ அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒலிவாங்கியை எடுத்தாய்.

"வணக்கம், வணக்கம். நம்ம தோட்டத்து ஆளு எழுதின புத்தகம் வந்திருக்கு. வாற ஞாயித்துக்கெழம பின்னேரம் மூணு மணிக்கு மேல் மடுவத்துல கூடுறோம். எழுதினவங்களே வந்து பேசுவாங்க. தேத்தண்ணி இருக்கு, வெக்கப்படாம வாங்க."

மேல் மடுவம், கொழுந்து எடைபோட்ட பழைய கொட்டகை, எல்லோருக்கும் தெரிந்த இடம். "திகதி எங்கே?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம எல்லா வருசமும் வருது தானே? அடுத்த வருசமும் இதையே போடலாம்."

சொன்னபடியே வருடந்தோறும் அதையே போட்டாய். எழுத்தாளர் மாறினார், நூல் மாறியது, அறிவிப்பு மாறவில்லை. இலக்கியக் கூட்டத்துக்கான அழைப்பில் தேநீரைப் பற்றிக் குறிப்பிடுவது முறையன்று என்று நான் ஒவ்வொரு வருடமும் ஆட்சேபித்தேன். உன் பதிலும் மாறவில்லை. "இலக்கியம்னு சொன்னா பயந்துருவாங்க. தேத்தண்ணின்னு சொன்னா வந்துருவாங்க. வந்துட்டா ஒன் பேச்ச கேட்டுத்தானே ஆகணும்? அது அவங்க தலையெழுத்து."

பிறகு ஐப்பசி மழை வந்தது. கடைக் கல்லாவில் இருந்தபடியே சாய்ந்தாய் என்றார்கள். நான் பாடசாலையிலிருந்து வந்து சேர்வதற்குள் உன் ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டுபோக ஆயத்தமாகிவிட்டார்கள். உன்னை அடக்கிய மையவாடியில், சேறாகிக் கிடந்த மண்ணின் மீது, மற்றவர்களைப் பார்த்து நானும் கைப்பிடி மண் இட்டேன். வரவேற்புரை இல்லை, நன்றியுரை இல்லை. நீ நடுநாயகமாக இருந்த ஒரு கூட்டம் நிகழ்ச்சி நிரல் இல்லாமல் நடந்து முடிந்தது. எல்லோரும் போன பின்பும், யாரோ அடுத்ததை அறிவிப்பார்கள் என்பதுபோல நான் நின்றுகொண்டிருந்தேன்.

பங்குனியில் செய்தி மடலை எழுத அமர்ந்தேன். முதற்செய்தி நீதான். "எமது பதிப்பகத்தின் இணை நிறுவுநர் காலமானார்" என்று எழுதினேன். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் பொறுக்கவில்லை. தாளைக் கிழித்தேன், மீண்டும் அதே வசனத்தையே எழுதினேன், வேறு எதுவும் எழுத வரவில்லை. அதற்குக் கீழே தவமணியின் நூல் வெளியீடு.

தவமணியை எனக்கு முன்பே நீ கண்டுகொண்டிருந்தாய். றொசல்லைக்கு மேலேயுள்ள தோட்டத்தில், தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்பவர். குழந்தைகள் தூங்கும் வேளைகளில் எழுதிய கதைகள். அவற்றைக் கடையில் வைத்தே வாசித்தாய். வாசித்த மயக்கத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கேட்டதைவிட ஒரு முழம் கூடுதலாக வெட்டிக் கொடுத்தாய். "இந்தப் பொம்புளட கதையால எனக்கு நட்டம், மாஸ்டர். கட்டாயம் போடணும்" என்றாய். நீ கடைசியாகத் தெரிவு செய்த நூல் அதுதான்.

ஆகவே எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். தவமணியின் வெளியீடு ஒழுங்காக நடந்தால் பதிப்பகத்தைத் தொடர்வது. நடக்காவிட்டால் அந்த நூலோடு நிறுத்திக்கொள்வது. ஒழுங்காக நடப்பதற்கென்றே இடத்தையும் மாற்றினேன். அந்தப் பழைய மடுவத்தில் தகரக் கூரைக்குக் கீழே சாக்கு விரித்து உட்காரவைத்து, பேசி, சிரிக்கவைத்து நடத்துவதற்கு நீ வேண்டும். எனக்கு மண்டபம் வேண்டும், கதிரைகள் வேண்டும். ஹட்டன் நகரிலேயே ஒரு மண்டபத்தை ஏற்பாடு செய்தேன். நல்ல உச்சரிப்புள்ள ஓர் ஆசிரியையின் குரலில் புதிய அறிவிப்பைப் பதிவு செய்து, நமது ஓட்டோக்காரர் செல்வாவிடம் கொடுத்தேன். அதில் திகதி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நான் இருந்தேன், பிரதம விருந்தினர் இருந்தார், புதுச் சேலையில் தவமணியும் அவர் கணவரும் இருந்தார்கள். மற்றக் கதிரைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. மூன்று மணி கடந்தது. தவமணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். என் விதி எந்தப் பக்கம் தீர்ந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. கதவைச் சாத்தச் சொல்லலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தபோது செல்வாவின் தொலைபேசி அழைப்பு வந்தது.

"சார், எங்க சார் இருக்கீங்க? இங்க மடுவம் நெறஞ்சி வழியுது."

"எந்த மடுவம்?"

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க குடுத்தத பழைய அறிவிப்பு இருந்த மெமரி கார்டுலயே ஏத்திட்டேன். முதல் வளைவுல பட்டன அமுக்கினா, நானா குரல் வந்திருச்சு. நிப்பாட்டப் போனேன் சார். கை வரல. லயத்துல இருந்து ஆளுங்க வெளிய வந்து நின்னு கேக்குறாங்க. எப்புடி சார் நிப்பாட்டுறது? தோட்டம் முழுக்க அதையே போட்டுட்டேன். ஒங்ககிட்ட சொல்லப் பயந்துட்டேன்."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது உனக்குத் தெரியும். அதைச் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த தவமணி எழுந்துவிட்டார். "போவோம் சார். நானா வச்ச எடந்தானே" என்றார். புத்தகப் பெட்டிகளை வேனில் ஏற்றினோம். பிரதம விருந்தினர் முன் இருக்கையில் அமர்ந்துகொண்டார்.

மடுவத்து வாசலில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றார். "ஏன் சார் இவ்ளோ லேட்டு? நானா சத்தம் கேட்டவொடனே புள்ளைங்களயும் இழுத்துக்கிட்டு வந்துட்டோம்."

"அவர் காலமாகிவிட்டார் என்பது உங்களுக்கு…"

"தெரியும் சார். மய்யத்து அடக்கத்துக்கு இந்த லயத்துல இருந்தே ஒரு வேன் ஆளு வந்தோமே. ஆனாலும் அவரு கூப்புட்டா எப்புடி சார் வராம இருக்கிறது?"

செத்துப்போன ஒருவரின் அழைப்பை ஏற்று, தலைவாரிப் பொட்டிட்டு, கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகளைப் புதுச் சட்டையோடு அழைத்துக்கொண்டு, அவர்கள் சாக்கில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். உள்ளே போகும்போது என் கண்கள் வழக்கம்போலப் பின்மூலைக்குப் போயின. தேத்தண்ணி வாளிக்குப் பக்கத்தில் நீ அமரும் மூலை. அங்கே நீ இல்லை. வாளியும் இல்லை.

அப்போதுதான் விளங்கியது. நீ தேத்தண்ணி தருவதாகச் சொல்லி அழைத்திருந்தாய். மண்டபத்துக்கு நான் வாங்கிய குளிர்பானப் போத்தல்கள் அங்கேயே கிடந்தன. பின்வரிசையில் ஓர் இளைஞன், "தேத்தண்ணி எங்க சார்? நானா சொன்னாரே" என்று கேட்டான், சிரிப்பு எழுந்தது. என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, அது உடனே அடங்கியது. வாசலில் கண்ட பெண் எழுந்தார். "நானா பேரு கெட்டுறக் கூடாது. வாங்கடி" என்றார். நாலைந்து பெண்கள் லயத்துக்கு இறங்கிப்போய், கேத்தலும் கோப்பைகளுமாக ஏறி வந்தார்கள். ஒரு வீட்டுத் தேத்தண்ணியில் இஞ்சி, இன்னொரு வீட்டினதில் சீனி சற்றுக் கூடுதல். உன் வாக்கை அவர்கள் காப்பாற்றினார்கள். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க முடியாமல் நின்றேன்.

வரவேற்புரையை வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில், நீ வழக்கமாகக் குரல் கொடுக்கும் இடம் வந்தது. "சுருக்கமா, மாஸ்டர், தேத்தண்ணி ஆறுது." என்னையறியாமல் நிறுத்தினேன். ஒன்றும் வரவில்லை. கூரைத் தகரம் வெயிலில் முறுகும் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் இருந்தவர்களும் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். அந்த இடம் அவர்களுக்கும் பழக்கம். மீதித் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தவமணியைப் பேச அழைத்தேன்.

ஏற்புரையென்று அவர் நீளமாக ஒன்றும் பேசவில்லை. "நான் எழுதுறது ஒரு ஆளுக்கும் தெரியாது. நானாதான் கேட்டாரு, புள்ளைங்க தூங்கும்போது நீ என்ன செய்றன்னு. அந்தக் கேள்விய அதுக்கு முன்ன யாரும் என்கிட்ட கேட்டதில்ல" என்றார். முதற்பிரதியைப் பிரதம விருந்தினருக்குக் கொடுக்க வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். தவமணி அதைக் கையில் எடுத்தார், பின்மூலையைப் பார்த்தார். விருந்தினரே எழுந்து, "அங்கேயே வையுங்கள், அம்மா" என்றார். உன் மூலையில், வெறும் சாக்கின் மேல், அதைக் கொண்டுபோய் வைத்தார். அன்று ஒழுங்காக நடந்தது எதுவுமே இல்லை. பதிப்பகத்தை நிறுத்துவதென்ற என் விதியை அன்றே நான் கைவிட்டேன்.

ஆனால் கொத்மலையில் மேல் மடுவம் இல்லை. உன் அறிவிப்பை அங்கே போட்டால் மக்கள் இல்லாத இடத்தைத் தேடி அலைவார்கள். நேற்றுச் செல்வா மேல்மாடிக்கு வந்து, "பழசு கெடக்கட்டும் சார், அழிக்க வேணாம். ஆனா புதுசு நீங்களே பேசுங்க" என்றார். பேசினேன். திகதி, நேரம், இடம், நூல், ஆசிரியர். திருப்பிப் போட்டுக் கேட்டோம். ஒரு சொல் பிசகவில்லை.

"எல்லாம் சரியா இருக்கு சார்" என்றார் செல்வா. பிறகு தயங்கி, "ஆனா ஒருத்தரும் வர மாட்டாங்க" என்றார்.

ஒலிவாங்கியை மீண்டும் எடுத்தேன். கராம்பு மணம் நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. என் வாசகம் முழுவதையும் திரும்பச் சொன்னேன். அதன் பிறகு, வாழ்நாள் முழுவதும் நான் ஆட்சேபித்த வரியை, தாளில் இல்லாத வரியை, சொல்ல வாயெடுத்தேன். தேத்தண்ணி இருக்கு. அதுவரை குரல் தாங்கியது. வெக்கப்படாம என்ற இடத்தில் உடைந்தது. வாங்க என்பது சரியாகக் கேட்கவில்லை.

"திருப்பி எடுப்போமா சார்?" என்று செல்வா மெல்லக் கேட்டார்.

வேண்டாம் என்றேன். அச்சுக்குப் போகும் தாளில் ஒரு புள்ளி பிசகினாலும் திருப்பி எடுத்தவன் நான். அந்த ஓர் அழைப்பைத் திருப்பிச் சொல்ல என்னால் முடியாது. அதைச் சொன்னபோது நான் பார்த்துக்கொண்டிருந்தது கொத்மலையை அல்ல. கீழே கடையிலிருந்து நீ ஏறி வரும் படிக்கட்டை. இன்று காலை செல்வாவின் ஓட்டோ அந்தக் குரலைக் கட்டிக்கொண்டு மலையேறிப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் முன்கூட்டியே போக வேண்டும். வாளி கழுவ வேண்டும், தண்ணீர் கொதிக்க வேண்டும்.