கை தெரியாத கார்

3.2.2003
முதலாளி இஷ்தியாக் அகமது பாய் புது காருக்கு முன் கண்ணாடி உட்படக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிட்டார். ஏசி வண்டியாம், கண்ணாடியை இறக்கவே கூடாதாம். லாங் பஜாரில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் குறுக்கே நின்றார். போங்க என்று கை காட்டினேன். அவருக்கு எங்கே தெரியும்? அவர் எனக்காக நிற்க, நான் அவருக்காக நிற்க, பின்னால் ஒரே ஹாரன். அம்பாசிடர் ஓட்டியபோது கையை வெளியே நீட்டினால் போதும். டீக்கடையிலிருந்து யாராவது பதிலுக்குக் கை தூக்குவார்கள். இப்போது உள்ளே நான் இருப்பதே ஒருத்தருக்கும் தெரியாது.

7.2
காலையிலிருந்து ‘சரிங்க பாய்’ தவிர வேறு வார்த்தை பேசவில்லை.

12.2
ஆம்பூர். ஷூ கம்பெனி விடும் நேரம். பெங்களூர் ரோட்டைக் கடக்க நின்ற பெண்களுக்கு நடுவில் என் மகள் கேத்தரின்! வயிறு தெரிகிறது. எத்தனை மாசமோ, யாரைக் கேட்பது? தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள். வீட்டுக்கு வா என்று ஆள் அனுப்பியும் வரவில்லை. அவள் அம்மா சவுரியம்மாள் உயிரோடு இருந்திருந்தால் மகளைக் கையோடு கூட்டி வந்திருப்பாள்.
வண்டியை நிறுத்தினேன். ஒருத்தியும் நகரவில்லை. நிற்கிற காரா, சீறப்போகிற காரா என்று அவர்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்? கறுப்புக் கண்ணாடியை முறைத்தார்கள். அவளும்தான்.

13.2
லண்டனிலிருந்து வந்திருக்கும் சின்ன முதலாளி ரஃபி சொன்னார்: “அங்கெல்லாம் லைட் அடிச்சா ‘நீ போ’ன்னு அர்த்தம் அன்பு அண்ணே.”

17.2
ஆம்பூரில் அதே இடத்தில் நிறுத்தி, புத்தி கெட்டுப்போய் லைட் அடித்தேன். நம்ம ரோட்டில் லைட் அடித்தால் ‘வர்றேன், ஒதுங்கு’ என்றுதானே அர்த்தம்! இத்தனை வருஷம் நானும் அதற்குத்தானே அடித்தேன்! காலை எடுத்து வைத்த கேத்தரின் பதறிப் பின்வாங்கி விழப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவள் பிடித்துக்கொண்டாள்.
“நிக்கிற மாதிரி நின்னு ஏத்த வர்றான் பாரு. கார் திமிரு!” — கேத்தரின்தான் கத்தினாள். என்னைத்தான்.
மாதாவே, புள்ளத்தாச்சிப் பொண்ணு... விழுந்திருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்?

18.2
லைட் சுவிட்ச் பக்கமே கை போகவில்லை.

24.2
ஆம்பூர் நெருங்கியதும் கேட்டேவிட்டேன். “பாய், கண்ணாடிய எறக்கணும்.”
“தூசு வரும்பா. இன்னா பேஜார் உனக்கு?”
“எம் பொண்ணு ரோட்டைத் தாண்டணும் பாய்.”
கண்ணாடியை இறக்கினேன். பாய் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.
கம்பெனி வாசலில் நிறுத்தி, கையை முழுசாக வெளியே நீட்டினேன். பின்னால் வந்த லாரியும் நின்றது. பெண்கள் தயங்கினார்கள். கேத்தரின் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தை. பக்கத்துப் பெண்களிடம்தான் சொன்னாள்:
“பயப்படாம வாங்கடி. எங்கப்பா நிக்கிறாரு.”
வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தே கடந்தாள். ஓடவில்லை.