வளைவிலிருந்து தெரிந்த முகம்

தை, செவ்வாய் இரவு. புதூர்நாடு.

ஒரு கம்பெனியின் சாமை விளம்பரத்துக்காக ஐந்து வீட்டுச் சுவர்களில் சேர்த்து நான் வரைந்த இந்த ஊர்ச் சாந்தியின் முகத்தை இன்று நானே அழிக்க வேண்டியதாயிற்று. சாலை வளைவில் நின்று பார்த்தால்தான் அது முகம். கிட்டே போனால் வெறும் வண்ணத் திட்டுகள். வளைவிலிருந்து எடுத்த வீடியோ வைரலானது. போன மாதம் சாந்தி காய்ச்சலில் போய்விட்டாள். கம்பெனிக்கு இப்போது அதே சுவர்களில் பிஸ்கட் படம் வேண்டுமாம்.

நான்கு வீடுகளுக்கு வெள்ளையடித்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தேன். நிலத்துக்குப் போயிருந்த அவளுடைய கணவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வூட்ட மட்டும் வுட்டுடு தம்பி. அவ இதுல கீறா."

சுவரை மெல்லத் தடவிக் கொடுத்தார்.

"சரிங்கண்ணா" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சுவர் ஓதம், பெயின்ட் நிற்காது என்று கம்பெனிக்காரனிடம் பொய் சொன்னேன். கத்தினான். கத்தட்டும்.

அவர் ஒருநாளும் வளைவில் நின்று பார்த்ததில்லை போலிருக்கிறது. அந்தச் சுவரில் இருப்பது அவளுடைய கழுத்து நிழல் மட்டும்தான். கண்கள் பக்கத்து வீட்டில் இருந்தன. காலையில் முதல் வேலையாக அந்த வீட்டுக்குத்தான் வெள்ளையடித்தேன்.